தண்ணீரில் கண்டம்

எங்கள் வீட்டுப் பெரியவனுக்கு ஜாதகம் எழுதிய ஜோசியர் கடைசிப் பக்கத்தில், "பதினாறு வயது வரை தண்ணீரில் கண்டம், ஜாக்கிரதை" என்று ஒரு வரி எழுதி வைத்துவிட்டார். சகோதரிகளே, உங்களில் பாதிப் பேர் வீட்டு ஜாதகங்களிலும் இந்த வரி இருக்கும். இதை எழுதாத ஜோசியர் தமிழ்நாட்டில் உண்டா என்ன? எங்க வீட்டுக்காரர் அதைப் படித்துவிட்டுச் சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

அன்றிலிருந்து பையன் விஷயத்தில் நான் ஒரு ஹிட்லர்! பள்ளிக்கூடத்தில் சுற்றுலா என்றால், போகிற ஊரில் ஆறு இருக்கிறதா, அருவி இருக்கிறதா என்று விசாரித்து, இருந்தால் "உடம்பு சரியில்லை" என்று லீவ் லெட்டர் எழுதிக் கொடுத்துவிடுவேன். கோயில் குளத்தில் கால் கழுவுவதற்குக்கூட அவன் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். கூடப் படிக்கிற பசங்கள் நீச்சல் கற்றுக்கொள்ளப் போனபோது, "நானும் போறேம்மா" என்று இரண்டு நாள் அழுதான். விடவில்லை.

நாங்கள் இருப்பதோ அண்ணாமலை நகர். வடக்கே போனால் வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம், கிழக்கே பிச்சாவரமும் கடலும், மேற்கே வீராணம் ஏரி. நாலு பக்கமும் தண்ணீரை வைத்துக்கொண்டு நடுவில் உட்கார்ந்து தண்ணீருக்குப் பயந்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

2023 மே மாதம், லீவுக்குத் தாம்பரத்திலிருந்து சின்ன நாத்தனார் குடும்பத்தோடு வந்திருந்தாள். வந்த மறுநாளே, "அண்ணி, பிச்சாவரம் போகாமல் ஊருக்குப் போனால் எங்க பக்கத்து வீட்டுக்காரங்க மதிக்கவே மாட்டாங்க" என்று ஆரம்பித்துவிட்டாள். சிதம்பரத்துக்கு விருந்தாளி வந்தால் நடராஜர் தரிசனம், அடுத்தது பிச்சாவரம், இது எழுதாத சட்டம். எம்.ஜி.ஆரின் 'இதயக்கனி' 1975-இல் வந்ததிலிருந்தே அந்த அலையாத்திக் காட்டுக்குப் பெயர் வந்துவிட்டது. படகில் குறுகலான வாய்க்கால்களுக்குள் போகும்போது இரண்டு பக்கத்து மரங்களும் தலைக்கு மேல் சேர்ந்து பந்தல் போட்டாற்போல் இருக்கும். மே மாத வெயிலிலும் உள்ளே அப்படி ஒரு குளிர்ச்சி.

படகுத் துறையில் எல்லோருக்கும் மிதவைச் சட்டை கொடுத்தார்கள். லைஃப் ஜாக்கெட் என்கிறோமே, அதுதான். இங்கேதான் முதல் ரகளை. நாத்தனார் மகளுக்குப் பதினெட்டு வயது. புதுச் சுடிதார் மறைந்துவிடும், போட்டோ நன்றாக விழாது என்று தோளில் மாட்டிக்கொண்டு, பட்டையைப் பூட்டாமல் விட்டுவிட்டாள். நாத்தனாரும் "வேர்க்கிறது" என்று முன்பக்கத்தைத் திறந்தே வைத்திருந்தாள். துடுப்புப் போட்ட பெரியவர் சத்தம் போடவில்லை. ஒரு காரியம் செய்தார். அந்தப் பெண்ணின் ஜாக்கெட்டை இரண்டு தோளிலும் பிடித்து மேலே தூக்கினார். அது அப்படியே மூக்கு வரைக்கும் ஏறிவிட்டது. "பாத்தியாம்மா, தண்ணியில விழுந்தா சட்டை மேலே மிதக்கும், நீ கீழே போயிடுவே" என்றார். அப்புறம் மளமளவென்று பூட்டிக்கொண்டாள்.

இதை நீங்களும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பூட்டிய பிறகு தோளைப் பிடித்துத் தூக்கிப் பார்க்க வேண்டும். முகவாய்க்கு மேலே ஏறினால் அது தளர்ச்சி. குழந்தைக்குப் பெரியவர்கள் அளவு போட்டால் போடாததற்குச் சமம், கழன்றே போய்விடும். சின்னக் குழந்தைகளுடையதில் தொடைக்கு நடுவே ஒரு பட்டை வரும், அதையும் பூட்டவேண்டும். காற்று அடித்த டியூபும், கையில் மாட்டுகிற பலூன் வளையமும் விளையாட்டுச் சாமான்களே தவிர, உயிர் காக்கிற சாமான்கள் அல்ல.

"கொஞ்ச நேரம்தானே, சவாரிக்கு எதற்கு இத்தனை கெடுபிடி" என்று கேட்கிறவர்கள் தேக்கடியை நினைத்துப் பார்க்கலாம். 2009 செப்டம்பர் 30-ஆம் தேதி பெரியாறு ஏரியில் 'ஜலகன்யகா' என்ற படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து கவிழ்ந்து 45 பேர் போனார்கள். எல்லோரும் நம்மைப் போல் லீவுக்குச் சுற்றிப் பார்க்க வந்தவர்கள்தான். 2011-இல் கிறிஸ்துமஸ் அன்று பழவேற்காடு ஏரியில் ஒரே படகில் போனவர்களில் 22 பேர் இறந்தார்கள். படகில் யாராவது "அதோ பறவை!" என்று கத்தினால் எல்லோரும் அந்தப் பக்கமே எழுந்து ஓடுவோம். நாங்களும் அன்றைக்கு நீர்க்காகத்தைப் பார்க்க ஓடத்தான் பார்த்தோம். படகுக்காரப் பெரியவர் "குந்துங்க!" என்று ஒரு அதட்டல் போட்டார், எங்க வீட்டுக்காரர் உள்பட எல்லோரும் பெட்டிப் பாம்பாக உட்கார்ந்துவிட்டோம்.

இத்தனை ஜாக்கிரதையாக இருந்தும் அடிபட்டது யாருக்குத் தெரியுமா? எனக்குத்தான்! தண்ணீரில் அல்ல, கரையில். திரும்பி வந்து படகு துறையை ஒட்டி நிற்கும் சமயம், எழுந்திருப்பதற்கு வாகாக இருக்கட்டுமே என்று படகின் விளிம்பை வெளிப்பக்கமாகப் பிடித்துக்கொண்டேன். "கையை உள்ளே வைங்க" என்று பெரியவர் புறப்படும்போதே சொல்லியிருந்தார். யார் கேட்டது? படகு மெதுவாகத்தான் போய் இடித்தது. ஆனால் படகுக்கும் துறைக்கும் நடுவில் என் இடது கை. மோதிர விரல் நசுங்கிக் கண்ணில் பூச்சி பறந்தது.

கல்யாண மோதிரம் அந்த விரலில். சோப்பு போட்டுக் கழற்றலாம் என்று வீடு வந்து சேர்வதற்குள் விரல் கத்தரிக்காயாகிவிட்டது. மோதிரம் உள்ளே புதைந்து விரல் நுனி நீலம் பாய ஆரம்பித்தது. அடுத்த தெருப் பாட்டியம்மா நூல் வைத்தியம் செய்து பார்த்தார். நூலை மோதிரத்துக்கு அடியில் ஊசியால் நுழைத்து, விரலை நுனிப் பக்கமாக நெருக்கமாகச் சுற்றிவிட்டு, இந்தப் பக்கத்து முனையை இழுத்துப் பிரித்துக்கொண்டே வந்தால் மோதிரம் நூலோடு நகர்ந்து வரும். சாதாரண வீக்கத்துக்கு நல்ல வழிதான், நானே கண்டிருக்கிறேன். என் விரலில் எலும்பே விரிந்திருந்ததால் தொடவே விடவில்லை நான். கடைசியில் மோதிரத்தை நறுக்கித்தான் எடுத்தார்கள். எக்ஸ்ரே எடுத்து, லேசான விரிசல் என்று சொல்லி, பக்கத்து விரலோடு சேர்த்துப் பிளாஸ்திரி போட்டுவிட்டார்கள், மூன்று வாரம். தண்ணீர்ப் பக்கம் போகிறபோது மோதிரம், கண்ணாடி வளையல் எல்லாவற்றையும் வீட்டிலேயே கழற்றி வைத்துவிடுங்கள் சகோதரிகளே. சுண்டு விரல் நகக்கண் அளவு காயத்துக்கு எனக்கு அரைப் பவுன் மோதிரம் போனதுதான் மிச்சம்.

கையில் கட்டோடு இருந்த என்னை, "அண்ணிக்கு மனசு மாறுதலாக இருக்கும்" என்று மறுநாள் மாலை கொள்ளிடக் கரைக்கு அழைத்துப் போனார்கள். நான் வரவில்லை என்றால் பிள்ளைகள் மட்டும் போவார்கள். அதைவிட நான் போய்க் காவல் இருப்பதே மேல் என்று கிளம்பினேன். "கால் மட்டும் நனைக்கணும், முழங்காலுக்கு மேலே போனால் தோலை உரித்துவிடுவேன்" என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன். முதலை பற்றியும் சொல்லிப் பயமுறுத்தி வைத்தேன். வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள், ஆனால் எங்கள் சுற்றுவட்டாரத்தில் பழைய கொள்ளிடத்தில் முதலை இருப்பது ஊரறிந்த விஷயம். வயலுக்குள், வீட்டுக் கொல்லைக்குள் வந்துவிடுகிற முதலைகளை வனத்துறையினர் பிடித்துக் கொண்டுபோய் வக்காரமாரிக் குளத்தில் விடுவது சிதம்பரத்துப் பேப்பரில் அடிக்கடி வரும். ஆற்றில் இறங்கி முதலைக் கடிபட்டவர்களும் உண்டு.

நான் முதலைக்குப் பயந்தேன். ஆபத்து குழியில் இருந்தது.

கோடையில் கொள்ளிடம் என்பது பாதி மணல், பாதி தண்ணீர். அங்கங்கே தேங்கி நிற்கிற தண்ணீர் பார்ப்பதற்குக் கண்ணாடி மாதிரி, கணுக்கால் ஆழம்தான். ஆனால் மணல் அள்ளிய இடங்களில் திடீரென்று ஆள் உயரத்துக்குக் குழி. மேலே இருந்து பார்த்தால் வித்தியாசமே தெரியாது. ஓரத்து மணலும் கால் வைத்தால் சரிந்துவிடும்.

நாத்தனாரும் நானும் மணலில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தோம். பிள்ளைகளுக்கும் எங்களுக்கும் இருபது அடி தூரம் இருக்குமா, அவ்வளவுதான். நாத்தனார் வீட்டுக்காரர் அவர்களோடு நின்று செல்போனில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். எங்க வீட்டுக்காரர் கார் பக்கம் இருந்தார். நான் பையனைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இதை எத்தனை தடவை சொன்னாலும் எனக்கு ஆறாது. பார்த்துக்கொண்டேதான் இருந்தேன். தலை மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தது. முகம் வானத்தைப் பார்த்து நிமிர்ந்திருந்தது. கை இரண்டும் பக்கவாட்டில் தண்ணீரை அமுக்குவது போல் மேலும் கீழும் போனது. ஏதோ ஏணி ஏறுகிறவன் மாதிரி. விளையாடுகிறான், உட்கார்ந்துகொண்டு ஏமாற்றுகிறான் என்று நினைத்தேன். "போதும்டா, எழுந்திரு" என்று இங்கிருந்தே சொன்னேன். அவன் கத்தவில்லை, கையை ஆட்டிக் கூப்பிடவில்லை, ஒரு சத்தம் இல்லை.

கரையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு ஆயாதான் கண்டுகொண்டது. எழுபது வயதாவது இருக்கும். "அய்யோ, புள்ள முழுவுது!" என்று கத்திக்கொண்டே, கையில் இருந்த துரட்டிக் கோலோடு ஓடியது. நாத்தனார் வீட்டுக்காரர் செல்போனைப் போட்டுவிட்டுப் பாயப் போனார். அவருக்கும் நீச்சல் தெரியாது. ஆயா கோலாலேயே அவர் மார்பில் ஒரு தட்டுத் தட்டி, "நீ எறங்காத! எறங்காத! எங் காலைப் புடி" என்று சொல்லிவிட்டு, ஈர மணலில் அப்படியே குப்புறப் படுத்துக் கோலை நீட்டியது. "புடிச்சிக்க கண்ணு... வுடாத... வுடாத..."

முதல் தடவை அவன் கை கோலில் படவில்லை. இரண்டாம் தடவை பட்டது, பிடிக்கவில்லை. மூன்றாம் தடவை ஆயா துரட்டியின் கொக்கியை அவன் சட்டையில் மாட்டி இழுத்தது.

எல்லாம் சேர்த்து ஒரு நிமிஷம் ஆகியிருக்குமோ என்னவோ.

கரையில் போட்டபோது இருமினான், இருமி வாந்தி எடுத்தான். உதடு நீலம். இருந்தாலும் மூச்சு இருந்தது. அந்த இருமல் சத்தத்தைவிட இனிமையான சத்தத்தை நான் இன்றுவரை கேட்டதில்லை. ஓடி வந்தவர்களில் ஒருவர், "தலைகீழாகத் தூக்கிச் சுத்துங்க, குடிச்ச தண்ணியெல்லாம் வந்துடும்" என்றார். அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு என்ன ஆயிற்று என்றே தெரியாது. "யாரும் என் பிள்ளையைத் தொடக்கூடாது" என்று கத்தினேனாம். நாத்தனார் பிறகு சொன்னாள்.

காரிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பையன் எழுந்து உட்கார்ந்து பேசுகிறான், "வீட்டுக்குப் போகலாம்மா" என்கிறான். எங்க வீட்டுக்காரர்கூட, "சரியாகிவிட்டதே" என்றார். டாக்டரம்மா விடவில்லை. சின்ன வயதுப் பெண், என் தங்கை மாதிரி இருப்பார். நுரையீரலுக்குள் கொஞ்சம் தண்ணீர் போயிருந்தாலும் சில மணி நேரம் கழித்து மூச்சுத் திணறல் வரலாம், இரவு முழுவதும் இங்கேயே இருக்கட்டும் என்று படுக்கையில் போட்டு, விரலில் ஒரு கிளிப்பை மாட்டிப் பிராணவாயு அளவைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். தண்ணீரில் முங்கி எடுத்த பிள்ளை இருமலோடு இருந்தாலோ, அசதியாகத் தூங்கித் தூங்கி விழுந்தாலோ, மூச்சு வேகமாக வாங்கினாலோ வீட்டில் வைத்துக் கஷாயம் கொடுத்துக்கொண்டிருக்காதீர்கள்.

அன்று ராத்திரி வார்டில் கூட்டம் இல்லை. டாக்டரம்மா சாவகாசமாக வந்து நின்றபோது, நான் கேட்க வேண்டும் என்று முப்பது வருஷமாக மனசில் வைத்திருந்ததைக் கேட்டேன். "மூச்சு இல்லாமல் கிடந்தால் என்ன செய்யணும் டாக்டர்?"

அவர் சொன்னதை முடிந்தவரை அப்படியே எழுதுகிறேன். முதலில், தண்ணீரை வெளியே எடுக்கவேண்டும் என்கிற நினைப்பையே விட்டுவிட வேண்டும். தலைகீழாகத் தூக்குவது, தோளில் போட்டுச் சுற்றுவது, வயிற்றை அமுக்குவது எதுவும் கூடாது. நேரம்தான் வீண், வாந்தி எடுத்து அது நுரையீரலுக்குள் போனால் ஆபத்தும்கூட. தண்ணீரில் மூழ்கியவருக்கு நின்றுபோனது மூச்சு; அவருக்கு வேண்டியது காற்று. மல்லாக்கக் கெட்டியான தரையில் படுக்கவைத்து, ஒரு கையை நெற்றியில் வைத்துத் தலையைப் பின்னுக்குச் சாய்த்து, மறு கையால் முகவாயைத் தூக்கி, மூக்கை அடைத்துக்கொண்டு, வாயோடு வாய் வைத்து மார்பு உயரும்படி மூச்சு ஊதவேண்டும். முதலில் சில தடவை. அசைவு இல்லை, மூச்சும் திரும்பவில்லை என்றால் நெஞ்சின் நடுவில் உள்ளங்கை அடிப்பாகத்தை வைத்து 30 தடவை அமுக்கி, 2 தடவை மூச்சு. மறுபடி 30, மறுபடி 2. நிமிஷத்துக்கு 100 முதல் 120 என்கிற வேகம். பெரியவர்களுக்கு 5 சென்டிமீட்டராவது மார்பு இறங்கவேண்டும். சின்னக் குழந்தைக்கு மார்பின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு. இதற்குள் இன்னொருவர் 108-க்குப் போன் செய்யவேண்டும். ஆம்புலன்ஸ் வரும்வரை விடக்கூடாது. மூச்சு இருந்து நினைவு இல்லை என்றால் ஒருக்களித்துப் படுக்கவைத்து, ஈரத் துணியைக் களைந்து போர்த்திவிட வேண்டும்.

"எழுதப் படிக்கிற மாதிரி இதையும் ஒரு தடவை யாரிடமாவது கையால் செய்து கற்றுக்கோங்கம்மா, கேட்டால் மட்டும் வராது" என்றார். பிறகு அவரே தலையணையை வைத்து அமுக்கிக் காட்டினார். நான் வலது கையால் செய்தேன், இடது கையில்தான் கட்டு இருக்கிறதே!

நான் ஏன் அழுதேன் என்று அவருக்குப் புரிந்திருக்காது.

என் பிறந்த ஊர் காட்டுமன்னார்கோயில் பக்கம். எனக்குப் பத்து வயது, தம்பிக்கு ஏழு. முழுப் பரீட்சை லீவு. அல்லிப்பூ பறிக்கிறேன் என்று ஊர்க் குளத்தில் இறங்கியவன் திரும்பவில்லை. நான் கரையில் பூவுக்காகக் காத்துக்கொண்டு நின்றேன். அவனும் கத்தவில்லை. எடுத்துப் போட்டபோது உடம்பு சூடாகத்தான் இருந்தது. ஆம்பிளைகள் மாற்றி மாற்றி அவன் காலைப் பிடித்துத் தலைகீழாகச் சுற்றினார்கள். அரைமணி நேரம் சுற்றியிருப்பார்கள். எல்லோரும் எங்கள்மேல் உயிரையே வைத்திருந்த மனிதர்கள்தான், அவர்களுக்குத் தெரிந்ததைச் செய்தார்கள். யாரும் ஒரு மூச்சுக் காற்றுக் கொடுக்கவில்லை. அந்த நாளில் எங்கள் ஊரில் அது யாருக்கும் தெரியாது. அப்படிச் செய்திருந்தால் பிழைத்திருப்பான் என்று நான் சொல்ல வரவில்லை. பிழைக்காமலும் போயிருக்கலாம். ஆனால் டாக்டரம்மா பேசிய அந்தப் பத்து நிமிஷத்துக்குப் பிறகு எனக்கு நாலைந்து நாள் சோறு இறங்கவில்லை.

தம்பி போன பிறகு எங்கள் அம்மா, வீட்டில் யாரும் குளம் குட்டை பக்கம் போகக்கூடாது என்று விதித்துவிட்டாள். எங்கள் பெரியப்பா வீட்டுப் பம்ப்செட் கிணற்றில் பெண்பிள்ளைகள் எல்லோரும் முதுகில் சுரைக்குடுக்கை கட்டிக்கொண்டு நீச்சல் பழகியபோது நான் மட்டும் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். அம்மாவின் பயத்தை அப்படியே சீர்வரிசையோடு எடுத்துக்கொண்டு வந்து என் பிள்ளைமேல் போட்டேன். ஜோசியர் பெயரில் பழி!

வீட்டுக்கு வந்து படுத்தால் தூக்கம் வராது. கெடிலத்தில் 2022 ஜூன் மாதம் நடந்ததுதான் நினைவுக்கு வரும். எங்கள் கடலூர் மாவட்டம்தான், நெல்லிக்குப்பத்துக்குப் பக்கம். தடுப்பணையில் குளிக்கப் போன ஏழு பெண்பிள்ளைகள், ஏழு பேரும் போய்விட்டார்கள். ஒருத்தியைக் காப்பாற்ற இன்னொருத்தி இறங்கி, அவளைப் பிடிக்க அடுத்தவள் இறங்கி... பிஞ்சுகள், பாசம்தான் அவர்களை இழுத்துக்கொண்டு போயிற்று. அந்த ஆயா மட்டும் நாத்தனார் வீட்டுக்காரரை அடித்து நிறுத்தியிராவிட்டால் எங்கள் வீட்டிலும் இரண்டு பாடை.

படுத்துக்கொண்டு கோலை நீட்டு, கயிற்றை எறி, காலி பிளாஸ்டிக் குடத்தை மூடி போட்டு எறி. எதுவும் இல்லையென்றால் உடுத்தின புடவையை எறி. பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை நீர்த்தேக்கத்தில் 2020 ஆகஸ்டில் அதுதான் நடந்தது. மூழ்கிக்கொண்டிருந்த இளைஞர்களைப் பார்த்து, துணி துவைக்க வந்த மூன்று பெண்கள் மானம் ஈனம் பார்க்காமல் கட்டியிருந்த புடவைகளைக் களைந்து வீசினார்கள். நாலு பேரில் இரண்டு பேர் உயிரோடு வந்தார்கள். அவர்களுக்கு அரசாங்கம் கல்பனா சாவ்லா விருது கொடுத்தது. அதே புடவையைக் கட்டிக்கொண்டு நாம் தண்ணீரில் விழுந்தால் அது காலைச் சுற்றி நம்மையே இழுக்கும், அதையும் மறக்கக்கூடாது. ஆற்றங்கரைக்கும் படகுக்கும் சுடிதாரே உத்தமம். (எங்கள் மாமியார் இந்த வரியைப் படிக்காமல் இருக்கவேண்டும்!)

இன்னும் இரண்டு விஷயம் சொல்லிவிட்டு என் கதைக்கு வருகிறேன். ஆழம் தெரியாத தண்ணீரில் தலை முன்னாக யாரையும் குதிக்க விடாதீர்கள். எங்கள் ஊரில் மதகு மேலிருந்து பாய்ந்த ஒரு பையன் அடியில் தலை இடித்துக் கழுத்தெலும்பு முறிந்து, இன்றைக்கு முப்பத்தைந்து வயதில் சக்கர நாற்காலியில் இருக்கிறான். அப்படி அடிபட்டவரைக் கழுத்தை அசைக்காமல், தலையும் உடம்பும் ஒரே நேராக இருக்கும்படி பலகையில் வைத்துத்தான் தூக்கவேண்டும். மதகு திறந்திருக்கும் சமயம் அதன் வாய்ப் பக்கம் போகவே கூடாது. வீராணத்தில் பார்த்திருக்கிறேன், மேலே அலையே இருக்காது, அடியில் யானையை இழுக்கிற இழுப்பு இருக்கும். அதுபோல மேட்டூரில் தண்ணீர் திறந்த பிறகு கீழணையிலிருந்து உபரி நீரை விட்டால் கொள்ளிடத்தில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மட்டம் ஏறும். தண்டோரா போட்டால், ஆடிப்பெருக்கு ஆனாலும் வீட்டுக் குழாயடியிலேயே காவேரியம்மனைக் கும்பிட்டுக்கொள்ளலாம். அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள்.

காலில் சிப்பியோ கண்ணாடியோ கிழித்தால் சோப்புப் போட்டு நல்ல தண்ணீரில் கழுவி, டெட்டனஸ் ஊசி போட்டுக்கொள்ளுங்கள். ஏரி, குளத்தில் குளித்து ஒன்றிரண்டு வாரம் கழித்துக் காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு என்று வந்தால் "குளத்தில் குளித்தேன்" என்று டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். எலிக் காய்ச்சலாக இருக்கலாம்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மூன்றாம் நாள், ஆயாவைத் தேடிக்கொண்டு ஒரு புடவை, வேட்டி, பழத்தோடு போனோம். புடவையை வாங்கிக்கொண்டு, "புள்ளைக்கு நீச்ச கத்துக் குடு. ஆத்தங்கரையில பொறந்துட்டு இது என்னா கூத்து!" என்று என்னைத்தான் திட்டியது.

அடுத்த லீவுக்குப் பையனைக் கூட்டிக்கொண்டு பிறந்த ஊருக்குப் போனேன். பெரியப்பா இப்போது இல்லை. அவர் மகன், எனக்கு அண்ணன் முறை, கிணற்றைத் தூர் வாரிப் படிக்கட்டு கட்டி வைத்திருக்கிறார். சுரைக்குடுக்கைக்குப் பதில் இப்போது காலி பிளாஸ்டிக் கேன். முதல் மூன்று நாள் பையன் மட்டும் இறங்கினான். நாலாம் நாள் அண்ணி, "நீ என்ன வேடிக்கை பார்க்கிறே, வாடி" என்று என் கையைப் பிடித்து இழுத்தாள். நாற்பத்து நாலு வயதில், ஒரு பழைய சுடிதாரைப் போட்டுக்கொண்டு, முதுகில் எண்ணெய்க் கேனைக் கட்டிக்கொண்டு இறங்கினேன். பக்கத்து வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்கள் வேலையை நிறுத்திவிட்டு வந்து கிணற்றைச் சுற்றி நின்றுவிட்டார்கள். சினிமாகூட அத்தனை கூட்டம் சேர்க்காது.

பையன் பத்தாம் நாள் கேனைக் கழற்றிவிட்டான். எனக்கு இன்னும் கை கால் அடித்து நீந்த வரவில்லை. மல்லாக்க மிதக்க வருகிறது. காதுக்குள் தண்ணீர் குளிர, வட்டமாக வானத்தைப் பார்த்துக்கொண்டு நாற்பது வரைக்கும் எண்ணுவேன்.

அம்மாவுக்கு இப்போது எழுபதுக்கு மேல். முதல் நாள் கிணற்றுப் பக்கமே வரமாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு திண்ணையில் படுத்துவிட்டாள். டாக்டரம்மா சொன்னதை அவளிடம் நான் சொல்லவில்லை, சொல்லவும் போவதில்லை. ஒருநாள் அவளே, "ஆஸ்பத்திரியில என்ன பண்ணாங்க புள்ளைக்கு?" என்று கேட்டாள். "ராத்திரி பூரா வெச்சிப் பாத்தாங்கம்மா" என்றேன். "ஊதுனாங்களா?" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. டி.வி.யில் எங்கேயோ பார்த்திருக்கிறாள். "இல்லம்மா, இவனுக்கு மூச்சு இருந்திச்சு" என்றேன். ஒன்றும் பேசாமல் வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் நாங்கள் இறங்கும்போது அம்மா கிணற்றடிக்கு வந்தாள். மாட்டுக் கயிறு ஒன்றை எடுத்து என் இடுப்பில் ஒரு முனையைத் தானே கட்டினாள். மறு முனையைத் தன் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு படியில் உட்கார்ந்தாள். "அம்மா, கேன் கட்டியிருக்கேன், கயிறு வேண்டாம்" என்றால் கேட்கவில்லை. இப்போதும் நான் ஊருக்குப் போகிறபோதெல்லாம் அதே கயிறுதான். நான் நாற்பது எண்ணுகிறேன். மேலே அவளும் எண்ணுகிறாள்.